மூன்றாம் நாள் பிரசங்கம்

பாக்கியநாதர் சாமியின் பிரசங்கத்தைக் கேட்கப் போகவேண்டும் என்று இன்னாசிமேரிக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய அக்கா செல்வமேரிக்குத்தான் தோன்றியது. அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல் வேலை பார்த்த செல்வமேரி, தங்கை இருந்த சேந்தமங்கலம் பக்கம் போகிற ஆள் யார் கிடைத்தாலும் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தாள். நோன்பிருக்கிற தபசு காலத்துக்குப் பெரிய பிரசங்கியார் வருகிறார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், நாலு நாள் பேசுகிறார், அவர் பேசினால் கல்லும் கரையும், புள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்.

வரவில்லை என்று சொல்லியனுப்பினால் ஏன் என்று கேட்டனுப்புவாள். அதற்கு ஒரு காரணம் தேடவேண்டும். அதைவிடப் போய்விட்டு வருவது சுலபம் என்று இன்னாசிமேரி நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மகள் மரியபுஷ்பத்துக்குத் தலை வாரிவிட்டு பஸ் ஏறினாள். அணாவுக்கும் நயா பைசாவுக்கும் கண்டக்டர்கள் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த காலம். நாமக்கல்லில் இறங்கி அக்கா ஊருக்கு வேறு பஸ் மாறினார்கள். ஜன்னல் வழியாக அடித்தது காற்றே இல்லை, அடுப்பு வாயில் குனிந்தால் முகத்தில் படுமே, அது. கிழங்குப் பால் ஊறி ஊறி இன்னாசிமேரியின் விரல் நுனிகள் வெளுத்து வெடித்திருந்தன. எவ்வளவு கழுவினாலும் புளித்த வாடை போகாது. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரியபுஷ்பம் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது புதிதில்லை. போன ஐப்பசியிலிருந்தே அப்படித்தான்.

போன ஐப்பசியில் இன்னாசிமேரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கணவன் சூசைமாணிக்கம் லாரி டிரைவர். அப்போது பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். பிரசவம் ஆனதும் இவளுக்குக் காய்ச்சல் கண்டது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி அத்தாயிதான் கூட இருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் குழந்தை இறந்துபோனது. இன்னாசிமேரிக்கு நினைவு தெளிந்தபோது அது ஒரு துணிப்பொட்டலமாக முற்றத்தில் இருந்தது. அந்த ஊருக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். அவர் வரும்போது ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். அதற்குள் இப்படி ஆகிவிட்டது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் வைக்க விதி இல்லை என்று, சாமியார் இல்லாதபோது கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார் சொல்லிவிட்டார். கல்லறைச் சுவருக்கு வெளியே, வேலிக்காத்தான் புதருக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி, பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள். அப்பனுக்குச் செய்தி கிடைத்து அவன் வந்து சேர நாலைந்து நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு இன்னாசிமேரி கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். கோபம் என்று யாராவது சொன்னால் இல்லை என்பாள். கோபப்படுவதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவளிடம் அது இல்லை. காலையில் எழுந்தால் மில், சாயங்காலம் வந்தால் அடுப்பு, அதற்கு நடுவில் ஒருநாளும் அழவும் இல்லை.

கோயில் மைதானத்தில் அக்கா பாய் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வெயில் இன்னும் இறங்கவில்லை. வேப்பமரங்களில் ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டியிருந்தார்கள். ஆத்தூரிலிருந்தும் ஏற்காட்டுத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பிரசங்கம் கேட்க இந்துக்களும் நிறையப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

"நேத்தெல்லாம் நீ வந்திருக்கோணும்" என்றாள் செல்வமேரி. "ஊதாரிப் பிள்ளை கதை சொன்னாரு. ஆம்பளைங்க துண்ட வாயில வெச்சுட்டு அழுதாங்க. உன்ற மனசுல இருக்கறதெல்லாம் இன்னைக்குக் கரைஞ்சு போயிரும் பாரு."

"செரிக்கா" என்றாள் இன்னாசிமேரி. கால்களை நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. மடக்கிக்கொண்டாள்.

பாக்கியநாதர் சாமி மேடைக்கு வந்தார். அவ்வளவு பெரிய பேருக்குச் சிறிய உருவம். நரைத்த தாடி, வெள்ளை அங்கி, இடுப்பில் கறுப்புக் கச்சை. முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். முன்னால் இருந்த ஒரு கிழவரைப் பார்த்து, தாத்தா வெயில்ல உட்காரவேண்டாம், நிழலுக்கு வாங்க என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. ஏறிய குரல் சடாரென்று இறங்கி, கிசுகிசுப்பாக மாறும். அத்தனை பேரும் முன்னால் சாய்வார்கள். இன்னாசிமேரிக்கு அந்தக் குரல் இதமாகத்தான் இருந்தது. என்ன சொல்கிறார் என்று கவனிக்காமல் வெறும் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் சொருகியது. தூங்கிவிடக்கூடாது என்று தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

விழித்தபோது சாமி மோட்ச வாசலில் நின்றிருந்தார்.

"பொற்கதவு, என் தாய்மாரே. முத்துப் பதித்த கதவு. அர்ச்சிஷ்டவர்கள் உள்ளே போகிறார்கள். வேதசாட்சிகள் போகிறார்கள். கதவு மூடுகிறது. மூடின கதவை யாரோ தட்டுகிறார்கள். யார் தட்டுவது? காவல் நிற்கும் தேவதூதர், சம்மனசு, எட்டிப் பார்க்கிறார். ஒரு குழந்தை. பிறந்து கண் திறக்காத குழந்தை. அதன் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் படவில்லை, தாய்மாரே. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தாய் இருந்துவிட்டாள். சம்மனசு அழுதுகொண்டே கதவைச் சாத்துகிறார். அந்தக் குழந்தை என்ன கேட்கிறது தெரியுமா? என் தாய்க்கு எனக்குத் தொட்டில் கட்ட நேரம் இருந்ததே, ஒரு கை தண்ணீர் ஊற்ற நேரம் இல்லையா? அந்தக் குரலை நான் கேட்டேன். ஜெபத்தில் இருக்கும்போது இந்தக் காதாலே கேட்டேன்."

பிறகு அவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ப் பச்சைக் குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகை மரம் மரமாகக் கேட்டது. பெண்கள் பக்கம் முழுவதும் விம்மலாக மாறியது. செல்வமேரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் தங்கை நினைவு வந்து, பதறிப்போய் அவள் தோளைத் தொட்டாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இன்னாசிமேரி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தவள் நான்தான், ஆமாம், என்று மட்டும் நினைத்தாள். முதுகு வலித்தது.

அப்போதுதான் பக்கத்தில் மகள் நடுங்குவது தெரிந்தது. மரியபுஷ்பம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தாள்.

"என்ன கண்ணு? காய்ச்சலா?" இன்னாசிமேரி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் ஊத்துனேம்மா" என்றாள் பெண், தலை நிமிராமல்.

"என்னத்த ஊத்துன?"

"தம்பி தலையில. தண்ணி. நான் ஊத்துனேன்."

ஒரு கணம் இன்னாசிமேரிக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் எழுந்தாள். மகளைத் தூக்கி நிறுத்தி, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே கூட்டிப் போனாள். பின்னால் செல்வமேரி பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மைதானத்தின் மூலையில், தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் யாரும் இல்லை. அங்கே மண்ணில் உட்கார்ந்தார்கள்.

கேட்டால் பதில் சொல்கிற பெண்ணாக அவள் இருக்கவில்லை. இன்னாசிமேரி கேட்கவில்லை. காத்திருந்தாள். ஒலிபெருக்கியில் பிரசங்கம் நடந்துகொண்டே இருந்தது. பிறகு மரியபுஷ்பம் தானாகச் சொன்னாள்.

அன்றைக்கு அத்தாயி வசம்பு வாங்கிவர வெளியே போயிருந்தாள். அம்மாவைக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தம்பியின் உதடு நீலமாகப் போயிற்று. மூச்சு விட்டு விட்டு வந்தது. சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், சின்னப் பிள்ளைகள்கூடக் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். பானை வெளியில் இருந்தது. அவனை விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் கிண்ணத்தில் ஓமத்தண்ணி இருந்தது. அதை எடுத்து ஊற்றினாள். ஊற்றியதும் அவன் ஒரு தடவை வாயைத் திறந்தான். அப்புறம் திறக்கவில்லை.

"சில்லுனு இருந்துச்சும்மா. ஆறிப்போன தண்ணி. அதனாலதான்…" என்று சொல்லி நிறுத்தினாள்.

"இத ஏண்டி இத்தனை நாளா யாருகிட்டயும் சொல்லல?" என்று செல்வமேரி கேட்டாள். "சொல்லியிருந்தா கொழந்தையக் கல்லறைக்குள்ள வெச்சிருப்பாங்களே. அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உடுக்கா" என்றாள் இன்னாசிமேரி.

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"உடுக்கான்னா உடு."

அவள் மகளைப் பார்த்தாள். அப்போது எட்டு வயதுப் பெண், மூச்சு நிற்கப்போகிற குழந்தையோடு தனியாக இருந்திருக்கிறாள். இரண்டு முழம் தள்ளி நாம் படுத்திருந்திருக்கிறோம். அதற்கப்புறம் இத்தனை மாதம் ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறோம். இவளுக்கு என்ன என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. பேசாமல் இருக்கிறாளே, தொந்தரவு இல்லை என்றுகூட நினைத்திருக்கிறோம். கேட்கத் தெம்பில்லை என்பது உண்மைதான். உண்மையாக இருந்தும் அது நெஞ்சில் குத்தியது.

பிரசங்கம் முடிந்து மணி அடித்தார்கள். இன்னாசிமேரி எழுந்து மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா, அந்தச் சாமிகிட்டப் போலாம்."

சாமியார் பங்களாவின் வாசலில் பெரிய நெரிசல். ஜெபமாலையை மந்திரிக்கவும், பிள்ளைகள் தலையில் கை வைக்கச் சொல்லவும் ஆட்கள் நின்றார்கள். வாசலில் நின்ற தொண்டர் ஒருவர், சாமிக்குத் தொண்டை சரியில்லை, நாளைக்கு வாங்க என்று எல்லோரையும் திருப்பிக்கொண்டிருந்தார். இன்னாசிமேரி திரும்பவில்லை. முன்னால் இடிக்கவும் இல்லை. ஓர் ஓரமாக நின்றாள். நிற்பது அவளுக்குப் பழக்கம். மில்லில் கிழங்கு வண்டி வரும்வரை அப்படித்தான் நிற்பாள். கூட்டம் கரைந்த பிறகும் அவர்கள் நிற்பதைப் பார்த்துத் தொண்டர் உள்ளே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சாமியே வெளியில் வந்தார். கையில் வெந்நீர் டம்ளர். பக்கத்தில் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுத்து, மேடையில் தெரிந்ததைவிட வயதானவராக இருந்தார்.

"என்னம்மா?" குரல் கரகரத்தது.

"புள்ள சொல்லுமுங்க" என்றாள் இன்னாசிமேரி.

மரியபுஷ்பம் சொன்னாள். கூட்டத்துக்கு வெளியே சொன்னதைவிடச் சுருக்கமாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சாமி குனிந்து கேட்டார்.

"ஊத்துறப்ப என்ன சொன்ன? அப்படியே சொல்லு பார்ப்போம்."

"செபஸ்தியான், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

இன்னாசிமேரி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்குப் பேர் இருந்தது அவளுக்குத் தெரியாது. யாரும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

"செபஸ்தியான் யாரு வெச்ச பேரு?" என்று சாமி கேட்டார்.

"நான்தானுங்க. அந்தப் பேருல இருந்த புனிதருக்கு ஒடம்பெல்லாம் அம்பு பட்டும் சாகலைன்னு கன்னியாஸ்திரி அம்மா வகுப்புல சொன்னாங்க."

சாமி வெந்நீரை ஒரு வாய் குடித்தார். பிறகு, "தண்ணிதானே ஊத்தினே?" என்றார்.

"ஓமத்தண்ணிங்க."

"ஓமம் போட்டுக் காய்ச்சினதா?"

"ஆமாங்க சாமி."

அவர் தாடியைத் தடவினார். இன்னாசிமேரியைப் பார்த்து, "வெறும் தண்ணீர்னா ஒரு பேச்சும் இல்லம்மா. காய்ச்சின சரக்குன்னா செல்லுமா செல்லாதான்னு சந்தேகம் இருக்கு. அதுக்கு சாஸ்திரம் படிச்சவங்க…" என்று ஆரம்பித்தார்.

"செல்லுமா செல்லாதான்னு கேக்க நான் வரலீங்க சாமி" என்றாள் இன்னாசிமேரி. குரலை உயர்த்தவில்லை. "தான் தண்ணி ஊத்தித்தான் தம்பி செத்துப்போச்சுன்னு இது நெனச்சுட்டு இருக்குது. இத்தனை மாசமா நெனச்சுட்டு இருந்திருக்குது. நான் சொன்னா நம்பாது, பெத்தவ சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனைக்கும். நீங்க சொன்னா நம்புமுங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்குத்தான் நின்னேன்."

சாமி டம்ளரைத் தொண்டர் கையில் கொடுத்தார். படியில் உட்கார்ந்தார். அத்தனை நேரம் நின்று பேசியவர், உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். இப்போது அவர் முகமும் பெண்ணின் முகமும் நேராக இருந்தன.

"எங்க ஊத்தினே? காட்டு."

அவள் தன் உச்சந்தலையைத் தொட்டாள்.

"மூக்குல, வாயில போச்சா?"

"இல்லீங்க. போகக்கூடாதுன்னு நெத்தியில கையக் குறுக்க வெச்சுக்கிட்டேன்." இடது கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

"கையைக் குறுக்கே வெச்சியா." அவர் அந்தக் கையையே பார்த்தார். "அப்ப அது அவன் மூச்சுக்குள்ள போகலை. போகாத தண்ணி எப்படிம்மா ஒருத்தனைக் கொல்லும்? அவன் உதடு நீலமா இருந்ததுன்னியே, அது நீ ஊத்துறதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்திங்க."

"அப்ப அவன் முந்தியே போக ஆரம்பிச்சுட்டான். நீ கொல்லலை. கூட இருந்தே. அவ்வளவுதான்."

மரியபுஷ்பம் யோசித்தாள். கணக்குப் போட்டுப் பார்க்கிறவள் மாதிரி உதடு அசைந்தது. பிறகு கேட்டாள்:

"அப்ப தம்பி இப்ப கதவுக்கு வெளிய நின்னு அழுகுறானா?"

தொண்டர் தரையைப் பார்த்தார். செல்வமேரி மரியபுஷ்பத்தின் தோளைத் தொட்டாள்.

"அது பிரசங்கத்துக்குச் சொன்ன கதைம்மா" என்றார் சாமி.

"காதாலே கேட்டேன்னு சொன்னீங்களே."

உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"கேட்கலை" என்றார்.

கரகரத்த குரலில், அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார். பிறகு அவள் தலையில் கை வைத்து மனதுக்குள் எதையோ ஜெபித்தார். எழுந்து, இன்னாசிமேரியிடம் என்னவோ சொல்ல நினைத்தவர் போல நின்றார். கடைசியில், "போய்ச் சாப்பிடுங்கம்மா, பொழுதாச்சு" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார்.

அக்கா வீட்டுக்கு நடக்கும்போது செல்வமேரி வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். தப்பு என்னுடையது, இந்த மாதிரி சொல்லுவாரென்று தெரிந்திருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டேன் என்றாள். பரவாயில்லை என்று இன்னாசிமேரி சொன்னாள். உண்மையிலேயே அவளுக்கு அக்கா மேலும் கோபம் இல்லை, சாமி மேலும் இல்லை. கால்கள் மட்டும் கனத்தன. மரியபுஷ்பம் நடுவில் தூங்கி விழ ஆரம்பித்தாள். ஒன்பது வயதுப் பெண்ணைத் தூக்கி ரொம்ப நாள் ஆயிற்று. இன்னாசிமேரி அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அக்கா வாங்கிக்கொள்கிறேன் என்றபோது கொடுக்கவில்லை.

மறுநாள் ஊர் திரும்பினார்கள். அந்த வாரமே இன்னாசிமேரி உபதேசியாரிடம் போய், குழந்தைக்கு அதன் அக்காள் மரியபுஷ்பம் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள், பேர் செபஸ்தியான் என்று சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். மாதம் ஒருமுறை வரும் சாமியார் வந்ததும் அவரிடம் சொன்னார். சாமியாரும் என்ன தண்ணீர் என்று விசாரித்துவிட்டு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. குழந்தை வேலிக்காத்தான் புதருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பாக்கியநாதர் சாமி அடுத்த வாரம் ஆத்தூரில் அதே கதையைச் சொன்னார் என்று ஒருத்தி சொன்னாள். அங்கே வேறு எதையோதான் பேசினார் என்று இன்னொருத்தி சொன்னாள். இன்னாசிமேரி எது நிஜம் என்று விசாரிக்கவில்லை.

சூசைமாணிக்கம் லோடு இறக்கிவிட்டு வந்த அன்று மத்தியானம், அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பிள்ளையைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. அவன் வந்து சேர்ந்தபோது மண் மேடுதான் இருந்தது. ஒருமுறை போய்ப் பார்த்தான், அவ்வளவுதான். மறுநாளே அடுத்த லோடுக்குப் போய்விட்டான். இப்போது சொல்லச் சொல்ல அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். கை சோற்றில் காய்ந்தது.

"பேரு என்னன்னு சொன்ன?"

"செபஸ்தியான்."

அவன் எழுந்து கை கழுவினான். வெளியே போய் வேலியோரம் ரொம்ப நேரம் நின்றான். பீடி பற்றவைப்பான் என்று நினைத்தாள், வைக்கவில்லை. திரும்பி வந்து மகளைக் கூப்பிட்டான். மரியபுஷ்பம் பயந்துகொண்டே வந்து நின்றாள். அவன் கீழே உட்கார்ந்து அவளை எதிரில் உட்காரவைத்தான்.

"நான் அவனப் பாக்கவே இல்ல கண்ணு" என்றான். "உங்கம்மாளுக்கும் காச்சல்ல ஒண்ணும் நெனவில்லீங்கறா. நீதான் பாத்திருக்கற. அவன் எப்படி இருந்தான்?"

பெண் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லு என்று இன்னாசிமேரி தலையசைத்தாள்.

"சின்னதா இருந்தான்."

"தலையில முடி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சுப்பா. இங்க வரைக்கும்." தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள்.

"அப்பறம்?"

"விரலக் குடுத்தா புடிச்சுக்கிட்டான். உடவே மாட்டான். காதுல ஒரு மடிப்பு இருந்துச்சு, உங்களுக்கு இருக்கற மாதிரி."

சூசைமாணிக்கம் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இன்னாசிமேரி அடுப்படியை விட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெண் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை மாதம் சேர்த்துவைத்திருந்தவள் போல, கண் எப்படி இருந்தது, கொட்டாவி எப்படி விட்டான், அழும்போது எந்தக் காலை உதைப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.